எலியா கேலி செய்தார், நாமும் செய்யலாமா?

தம்பி, நீ கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். போன அனந்த சதுர்த்தசிக்கு மறுநாள், கடலில் கரைத்த பிள்ளையார் சிலை பாதி உடைந்து மணலில் கிடக்கும் படம் ஒன்றை, மேலே ஒரு நக்கல் வரியோடு, சபை வாலிபர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டிருக்கிறார்கள். இருபது பேர் சிரித்தார்கள். நீயும் சிரித்துவிட்டு, அதை ஸ்டேட்டஸிலும் வைத்துவிட்டாய். மும்பை லோயர் பரேல் ஆபீசில் உன் பக்கத்து சீட்டில் இருக்கும் மராத்திப் பையன் அதைப் பார்த்துவிட்டான். சண்டை ஒன்றும் போடவில்லை. "உங்கள் சர்ச்சில் இதைத்தான் சொல்லித்தருகிறார்களா?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டான். நீ இதைக் குழுவில் எழுதியதும், "எலியாவே பாகாலைப் பரியாசம் பண்ணினார், நாம் செய்தால் என்ன?" என்று ஒருவர் 1 இராஜாக்கள் 18:27-ஐ எடுத்துப் போட்டிருக்கிறார். இப்போது நீ, "கிறிஸ்தவன் மற்றவர்களைக் கேலி செய்யலாமா, கூடாதா? நேராகச் சொல்லுங்கள் அண்ணாச்சி" என்கிறாய்.

நேராகச் சொன்னால், கூடாது. ஆனால் எலியாவைக் காட்டியவருக்கு அந்த ஒரு வார்த்தை போதாது. அவர் வசனத்தைத்தான் காட்டியிருக்கிறார், வேதத்தைத் தூக்கி எறிந்துவிட்டுப் பேசவில்லை. அதனால் அந்த வசனத்தில் இருந்தே தொடங்குவோம்.

கர்மேல் மலையில், பாகால் என்ற சாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, மத்தியான நேரத்தில் தீர்க்கதரிசி எலியா சொன்னது இது: "உரத்த சத்தமாய்க் கூப்பிடுங்கள், அவன் தேவனாமே, அவன் தியானத்தில் இருப்பான், அல்லது அலுவலாயிருப்பான், அல்லது பிரயாணம்போயிருப்பான், அல்லது தூங்கினாலும் தூங்குவான்." கேலிதான், சந்தேகமே இல்லை. வேதமே "பரியாசம்பண்ணி" என்றுதான் சொல்கிறது. ஆனால் அன்றைக்கு அங்கே யார் யார் நின்றார்கள் என்று பார். ஒரு பக்கம் பாகாலின் தீர்க்கதரிசிகள் 450 பேர். அவர்களுக்குப் பின்னால் ஆகாப் ராஜா, அவனுக்குப் பின்னால் அவன் மனைவி யேசபேல். அவள் கர்த்தருடைய தீர்க்கதரிசிகளைத் தேடித் தேடிக் கொன்றுகொண்டிருந்தாள். ஒபதியா என்ற அரண்மனை அதிகாரி 100 பேரை ஐம்பது ஐம்பதாகக் குகைகளில் ஒளித்து வைத்து, அப்பமும் தண்ணீரும் கொடுத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். மறு பக்கம் எலியா ஒருவர். பாகால் வழிபாடு அங்கே யாரோ ஓர் அயல்வீட்டுக்காரனின் பக்தி கிடையாது. கையில் கத்தி வைத்திருந்த அரசாங்கத்தின் மதம்.

எலியா பேசியது யாரிடம்? 21-ஆம் வசனம்: "நீங்கள் எந்தமட்டும் இரண்டு நினைவுகளால் குந்திக்குந்தி நடப்பீர்கள்?" சொந்த ஜனத்திடம், இஸ்ரவேலரிடம், கர்த்தருடைய உடன்படிக்கைக்குள் இருந்துகொண்டே இன்னொரு பக்கம் சாய்ந்தவர்களிடம் பேசுகிறார். வீட்டுக்குள் நடக்கிற சண்டை அது.

இதையும் ஒத்துக்கொள்ளாமல் யாராவது வாதாடினால், ஒரு பக்கம் முன்னால் திருப்பச் சொல். அதற்கு முந்தைய அதிகாரத்தில் இதே எலியா எங்கே இருந்தார்? சீதோனுக்கடுத்த சாறிபாத்தில். யேசபேல் யார்? சீதோனியரின் ராஜாவுடைய மகள். அதாவது பாகாலின் சொந்த ஊர்ப் பக்கம். அங்கே ஒரு விதவையின் வீட்டில், அவளுடைய பானையில் இருந்த கடைசிக் கை மாவில் செய்த அடையைச் சாப்பிட்டுக்கொண்டு, நெடுநாள் விருந்தாளியாகத் தங்கியிருந்தார். "உம்முடைய தேவனாகிய கர்த்தர்" என்றுதான் அவள் பேசுகிறாள். "என்னுடைய தேவன்" என்று சொல்லவில்லை. அவள் வீட்டில் எந்தச் சாமி இருந்தது, மாடத்தில் எதற்கு விளக்கு எரிந்தது என்று வேதம் சொல்லவில்லை. எலியா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேலியாகச் சொன்னதாகவும் இல்லை. அவளுடைய மகன் செத்தபோது அவள் எலியாவையே குற்றம் சொன்னாள். அவர் திருப்பிப் பேசவில்லை. பிள்ளையை வாங்கிக்கொண்டு மேல் அறைக்குப் போய், படுக்கையில் கிடத்தி, கர்த்தரை நோக்கிக் கதறினார்.

ராஜாவுக்கு முன்னால் நின்றபோது வாய் திறந்த அதே எலியா, ஏழை விதவையின் அடுப்படியில் வாய் மூடி அடை தின்றார். உன் ஆபீசில் பக்கத்து சீட்டில் இருக்கிற பையன், தம்பி, ஆகாப் இல்லை. மதிய நேரத்தில் டப்பாவைத் திறந்து உனக்கும் ஒரு சப்பாத்தி வைப்பவன். நீ இருப்பது சாறிபாத்தில்.

அடுத்து ஏசாயாவைக் கொண்டுவருவார்கள், எனக்குத் தெரியும். 44-ஆம் அதிகாரம்: ஒருவன் மரத்தை வெட்டி, பாதியில் தீ மூட்டிக் குளிர் காய்ந்து, அப்பம் சுட்டு, மீதியை விக்கிரகமாக்கி அதன் முன் விழுகிறான். சுருக்கென்ற கேலிதான். அதுவும் யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்று 21-ஆம் வசனத்தில் இருக்கிறது: "யாக்கோபே, இஸ்ரவேலே, இவைகளை நினை." தீர்க்கதரிசிகள் இந்த மாதிரிப் பேசிய இடங்களில் அநேகமாக எல்லாம் காது கொடுத்தவர்கள் சொந்த ஜனம்தான். இன்னொரு பக்கம், சீரியா நாட்டுத் தளபதி நாகமான் குஷ்டம் நீங்கித் திரும்பும்போது, "என் ராஜா என் கையில் சாய்ந்துகொண்டு ரிம்மோன் கோவிலில் பணிகிறபோது நானும் குனிய வேண்டியிருக்கும், மன்னிப்பு உண்டா" என்கிற பாணியில் தயங்கித் தயங்கிக் கேட்கிறான். ரிம்மோனைப் பற்றித் தீர்க்கதரிசி எலிசா ஒரு பகடியும் பேசவில்லை. "சமாதானத்தோடே போ" என்று அனுப்பிவிட்டார்.

சரி, பழைய ஏற்பாட்டை விட்டுப் பவுலிடம் வருவோம். பிற தெய்வங்கள் நிறைந்த ஊர்களில், நம்மைப் போலச் சிறுபான்மையாக, வாடகை வீட்டில் இருந்துகொண்டு ஊழியம் செய்தவர் அவர். நம் நிலைமைக்குக் கிட்டத்தில் வருகிறவர் அவர்தான்.

அத்தேனே பட்டணம் விக்கிரகங்களால் நிறைந்திருப்பதைப் பார்த்து அவர் ஆவி வைராக்கியம் அடைந்தது என்று அப்போஸ்தலர் 17:16 சொல்கிறது. உள்ளே கொதிப்பு இருந்தது. ஆனால் மேடையில் ஏறியதும் முதலில் வந்த வார்த்தை, "அத்தேனரே, எந்த விஷயத்திலும் நீங்கள் மிகுந்த தேவதாபக்தியுள்ளவர்களென்று காண்கிறேன்." அடுத்த வசனத்தில் இன்னொன்று சொல்கிறார், அதை நாம் கவனிப்பதே இல்லை: ஊரைச் சுற்றி வந்து அவர்களுடைய ஆராதனைக்குரியவைகளைக் கவனித்துப் பார்த்தேன் என்கிறார். நின்று பார்த்திருக்கிறார். பலிபீடத்தில் எழுதியிருந்ததை வாசித்திருக்கிறார். அவர்களுடைய புலவர்கள் சொன்னதையும் மேற்கோள் காட்டுகிறார். அதே பேச்சில், தேவன் கைகளினால் கட்டப்பட்ட கோவில்களில் வாசம்பண்ணுகிறதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறார். கூட்டம் முடிந்ததும் இகழ்ந்தது யார்? கேட்டவர்களில் சிலர். பேசியவர் இகழவில்லை.

எபேசு இன்னும் தெளிவு. அங்கே பவுல் ஏறக்குறைய மூன்று வருஷம் இருந்தார். கைகளால் செய்யப்பட்டவை தேவர்கள் அல்ல என்று ஊரெங்கும் சொல்லியிருக்கிறார். வெள்ளித் தட்டான் தெமேத்திரியு கூட்டம் கூட்டியதே அதற்காகத்தான். ஜனங்கள் அரங்கசாலைக்குள் புகுந்து இரண்டு மணி நேரம் "எபேசியருடைய தியானாளே பெரியவள்" என்று கத்துகிறார்கள். கடைசியில் அந்த ஊர்ச் சம்பிரதியானவன் எழுந்து ஒரு சாட்சி சொல்கிறான்: "இவர்கள் கோவில் கொள்ளைக்காரருமல்ல, உங்கள் தேவியைத் தூஷிக்கிறவர்களுமல்ல." தம்பி, இந்த வசனத்தை நான் எத்தனை தடவை வாசித்தாலும் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போவேன். அந்த மனுஷன் விசுவாசி கிடையாது. தியானாளின் கோவிலுக்குப் பெருமையாகக் காவல் இருக்கும் ஊரின் அதிகாரி. மூன்று வருஷம் பிரசங்கம் பண்ணிய பிறகும், கலகத்தின் நடுவில், எதிர்ப் பக்கத்து ஆள் எழுந்து "இவர்கள் நம் தேவியைப் பழிக்கவில்லை" என்று சொல்ல முடிந்திருக்கிறது. உன் ஆபீஸ் பையன் உன்னைப் பற்றி அப்படி ஒரு சாட்சி சொல்ல முடியுமா என்பதுதான் இப்போது உனக்கு முன்னால் இருக்கிற கேள்வி.

அந்தப் படத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கடவுளைக் கடலில் மூழ்கடிக்கிறார்கள் என்று நம் பிள்ளைகள் நக்கல் அடிக்கிறார்களே, அவர்களுடைய முறைப்படி அது அப்படி இல்லை. மண் சிலையில் ஆவாகனம் செய்து வைக்கிறார்கள். கரைக்கக் கொண்டுபோவதற்கு முன் உத்தரபூஜை என்று ஒன்று செய்து விடை கொடுத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் சிலை தண்ணீருக்குப் போகிறது. "புட்ச்சா வர்ஷி லவ்கர் யா", அடுத்த வருஷம் சீக்கிரம் வா, என்று கத்தும்போது கிர்காவ் சௌபாட்டியில் பெரிய மனுஷர்களே கண்ணைத் துடைத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். நமக்கு அதில் நம்பிக்கை இல்லை, சரி. ஆனால் பவுல் சுற்றிப் பார்த்துக் கவனித்த அளவில் பத்தில் ஒரு பங்காவது நாம் கவனித்திருந்தால் அந்தப் படத்துக்கு அந்த வரியை எழுதவே தோன்றியிருக்காது. கேலி செய்கிறவனுக்கு எதிராளியைப் பற்றி ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. தெரிந்துகொண்டால் கேலி கையில் நிற்காது.

இனி என் கதையைச் சொல்கிறேன். இதை நான் வேதபாடத்தில் அதிகம் சொன்னதில்லை.

அப்பா திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்து தாராவிக்கு வந்தவர். விக்ரோலியில் ஒரு பேக்டரியில் வேலை. 1960-களின் பின்பாதியில் இந்த ஊரில் நம்மவர்களுக்கு எதிராக என்ன நடந்தது என்று உன் தாத்தாவைக் கேட்டால் சொல்லுவார். "பஜாவ் புங்கி, ஹட்டாவ் லுங்கி" என்று ஒரு கோஷம்: மகுடி ஊது, லுங்கிக்காரனை விரட்டு. நம் பேச்சுக்கு "யண்டு குண்டு" என்று பெயர். உடுப்பி ஹோட்டல்களில் கல் விழுந்தது. அப்பாவுக்கு யாரும் கை வைக்கவில்லை. ஆனால் அவர் வெளியே போகும்போது வேட்டியோ லுங்கியோ கட்டுவதை நிறுத்திவிட்டார். சயான் ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்துக்குக்கூட பேண்ட்தான். வேட்டி டிரங்குப் பெட்டிக்குள் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை சபைக்கு மட்டும் அதை எடுத்து, ஒரு பையில் மடித்துக் கொண்டுபோய், அங்கே போய்க் கட்டிக்கொள்வார்.

எட்டாம் வகுப்புக்கு நான் தமிழ்ப் பள்ளியை விட்டு வேறு பள்ளிக்குப் போனேன். அங்கே ஒரு பையன் டால்டா டப்பா ஒன்றைக் கொண்டு வருவான். உள்ளே ஏழெட்டு ஜல்லிக்கல். மூடியை அழுத்தி மூடி, என் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்குவான். கடகடகட. "மதராசி பேசுறான், கேளுங்கடா" என்பான். வகுப்பே சிரிக்கும். வாத்தியாரும் ஒருநாள் சிரித்தார். அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. மிக்ஸியில் எதையாவது போட்டு அம்மா ஓட்டினால்கூட எனக்கு அந்தப் பையன் முகம்தான் வரும்.

இத்தனையும் பட்ட நான் என்ன செய்தேன் தெரியுமா? 1979 கிறிஸ்துமஸ். வாலிபர் ஐக்கியத்தில் நாடகம். எங்கள் லைனில் பக்கத்து வீட்டு அத்தைக்கு ஆடி மாதம் அம்மன் திருவிழாவில் அருள் வரும். நான் மஞ்சள் சேலை கட்டி, வேப்பிலையைக் கையில் பிடித்து, நாக்கைத் துருத்திக்கொண்டு சாமி ஆடினேன். இன்னொரு பையன் உபதேசியார் வேஷத்தில் வந்து ஒரு வார்த்தை சொன்னதும் தொப்பென்று விழ வேண்டும். விழுந்தேன். கைதட்டல் கூரையைப் பிளந்தது. மூன்றாவது வரிசையில் அத்தை தன் இரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார். கிறிஸ்துமஸ் நாடகம் பார்க்க எல்லா வருஷமும் வருகிறவர்தான். நாடகம் முடியும்போது அந்த இடம் காலியாக இருந்தது.

மறுநாள் அம்மா முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். அத்தை வாங்கிக்கொண்டார். "தம்பி நல்லா நடிச்சான்க்கா. என்னய மாதிரியே இருந்துச்சு" என்றாராம். அவ்வளவுதான். சண்டை இல்லை, பேச்சு நிற்கவில்லை. விடியற்காலம் நாலு மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தால் எப்போதும் போல எங்கள் சுவரைத் தட்டி அம்மாவை எழுப்பினார். கிறிஸ்துமஸ் பார்க்க மட்டும் அதற்குப் பிறகு வரவே இல்லை.

நான் உடனே போய் மன்னிப்புக் கேட்கவில்லை. வெட்கம். அடுத்து வந்த பெரிய வெள்ளியில், மும்மணி ஆராதனையில், மத்தேயு 27 வாசிக்கிறார்கள். போர்ச்சேவகர்கள் இயேசுவுக்குச் சிவப்பான மேலங்கி உடுத்துகிறார்கள், முள்ளால் ஒரு முடி, வலது கையில் ஒரு கோல், முழங்கால் போட்டு "யூதருடைய ராஜாவே, வாழ்க." கேட்டுக்கொண்டே இருந்தபோது எனக்கு உறைத்தது, அந்தப் போர்ச்சேவகர்கள் செய்ததும் ஒரு நாடகம்தான். வேஷம் இருக்கிறது, கையில் பிடிக்க ஒரு பொருள் இருக்கிறது, வசனம் இருக்கிறது, சுற்றி நின்று சிரிக்க ஒரு கூட்டம் இருக்கிறது. நான் கட்டியது மஞ்சள் சேலை, பிடித்தது வேப்பிலை. அன்றைக்கு நான் எந்தப் பக்கம் நின்றேன்?

அதற்கும் பிறகு, ஆடி மாதம்தான் போனேன். வாசலில் பெரிய அண்டாவில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார். "அத்தை, அன்னைக்கு நான் செஞ்சது தப்பு" என்றேன். நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தார். உள்ளே போய், ஒரு தூக்குவாளியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "இது படைக்கிறதுக்கு முந்தியே உங்க வீட்டுக்குன்னு எடுத்து வச்சது. அம்மாட்ட சொல்லிக் குடு." படைத்ததை நாங்கள் சாப்பிடத் தயங்குவோம் என்று அவருக்குத் தெரியும். வருஷா வருஷம் அப்படித் தனியாக எடுத்து வைத்துத்தான் கொடுத்திருக்கிறார். எங்கள் மனசாட்சிக்கு அவர் காட்டிய அந்த மரியாதையை அன்றைக்குத்தான் நான் கண்டேன்.

இன்றைக்கு நைன்ட்டி ஃபீட் ரோட்டில் நம் பிள்ளைகள் பீகாரில் இருந்து வந்த தையல்காரப் பையன்களை "பையா" என்று கூப்பிடும் தொனியைக் கேட்கிறேன். அந்த வார்த்தைக்கு அண்ணன் என்றுதான் அர்த்தம். தொனியில் டால்டா டப்பா இருக்கிறது.

வேறு மதத்தாரைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போனால் பாதி உண்மைதான் சொன்னவன் ஆவேன். நமக்குள்ளே என்ன நடக்கிறது? சி.எஸ்.ஐ.க்காரன் பெந்தெகொஸ்தேக்காரனின் அந்நிய பாஷையைப் பிடித்துக் காட்டிச் சிரிக்கிறான். அவன் இவனைச் "செத்த சபை" என்கிறான். இரண்டு பேரும் சேர்ந்து கத்தோலிக்கரைச் சிரிக்கிறார்கள். மாஹிம் புனித மிக்கேல் கோவிலில் 1948 முதல் புதன்கிழமை நவநாள் நடக்கிறது. வெளியே மெழுகில் செய்த கை, கால், வீடு, குழந்தை எல்லாம் விற்பார்கள். கேட்கிற வரத்துக்கு ஏற்றதை வாங்கிப் படைப்பார்கள். நம் வாலிபர்கள் அந்தப் பக்கம் போகும்போது என்ன பேசுவார்கள் என்று உனக்குத் தெரியும். ஒரு புதன்கிழமை மழையில் பஸ்ஸுக்காக அங்கே ஒதுங்கி நின்றேன். முப்பத்தைந்து வயது இருக்கும், ஒரு பெண், மெழுகுக் குழந்தையை வாங்கித் துப்பட்டாவுக்குள் மறைத்து, நனைந்துவிடாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். மெழுகு நனைந்தால் ஒன்றும் ஆகாது. அவளுக்கும் அது தெரிந்திருக்கும். நவநாள் சரியா தப்பா என்று உபதேசம் பேச நேரம் உண்டு, இடம் உண்டு. நானே பேசியிருக்கிறேன். அந்தத் துப்பட்டாவைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வாய் வராது. "ஏழையைப் பரியாசம்பண்ணுகிறவன் அவனை உண்டாக்கினவரை நிந்திக்கிறான்" என்று நீதிமொழிகள் 17:5 சொல்கிறது. ஏழை என்றால் பணம் இல்லாதவர் மட்டும்தானா?

அப்படியானால் கிறிஸ்தவன் சிரிக்கவே கூடாதா என்று கேட்பாய். எபேசியர் 5:4-இல் "பரியாசமும் தகாதவைகள்" என்று இருக்கிறதே என்பார்கள். அங்கே கிரேக்கத்தில் இருக்கும் வார்த்தை யூட்ரபெலியா. பேச்சில் சட்டென்று திரும்பும் திறமை என்று பொருள். அரிஸ்டாட்டில் அதை ஒரு நற்குணமாகவே எண்ணினார். 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸும் அதே வார்த்தையை நல்ல அர்த்தத்தில்தான் எடுத்துக்கொண்டார். பவுல் அதை வம்பு, புத்தியீனமான பேச்சு ஆகியவற்றோடு சேர்த்து வைத்துக் கண்டிப்பதால், கீழ்த்தரமாகப் போகும் பேச்சைத்தான் சொல்கிறார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். இயேசுவின் பேச்சிலேயே சிரிப்பு இருக்கிறது. கொசுவை வடிகட்டிவிட்டு ஒட்டகத்தை விழுங்குகிறவன், கண்ணில் உத்திரத்தை வைத்துக்கொண்டு அடுத்தவன் கண்ணில் துரும்பு தேடுகிறவன், இதையெல்லாம் கேட்டவர்கள் சிரிக்காமலா இருந்திருப்பார்கள்? ஏரோதை "அந்த நரி" என்றார். ஆனால் பார், அந்தக் கேலிகள் போனது ஜனத்தின் மேல் சுமை ஏற்றியவர்களையும் சிம்மாசனத்தில் இருந்தவனையும் நோக்கி. பரிசேயரை அத்தனை கடுமையாகப் பேசிய மத்தேயு 23 முடிகிற இடத்தில், எருசலேமைப் பார்த்து, கோழி தன் குஞ்சுகளைச் சேர்த்துக்கொள்வதைப் போல உன்னைச் சேர்த்துக்கொள்ள எத்தனை தரம் மனதாயிருந்தேன் என்கிறார். உன் குழுவில் அந்தப் படத்தைப் போட்டவர் அந்த ஜனத்துக்காக ஒரு தடவையாவது அழுது ஜெபித்திருந்தால் என்னிடம் வரச் சொல். அவரோடு வேறு மாதிரி பேசுகிறேன்.

நண்பர்களுக்குள் விளையாட்டுப் பேச்சு, அண்ணன் தம்பி கிண்டல், இதற்கெல்லாம் நான் சட்டம் போட மாட்டேன். ஒருவரின் திக்குவாய், நிறம், பருமன், சாதி, இன்னும் வராத வேலை, இன்னும் ஆகாத கல்யாணம், இவை மட்டும் விளையாட்டுக்குள் வரக் கூடாது. அப்படிச் செய்துவிட்டு "சும்மா விளையாட்டுக்குத்தானே" என்கிறவனைத்தான் நீதிமொழிகள் 26:18, 19 கொள்ளிகளையும் அம்புகளையும் எறிகிற பைத்தியக்காரனோடு ஒப்பிடுகிறது.

உன் குழுவில் இன்னொருவர் எழுதியிருந்ததையும் நீ அனுப்பியிருந்தாய்: "அவர்கள் நம்மை அரிசி மூட்டை, பாவாடை என்றெல்லாம் எழுதுகிறார்களே, அப்போது நாம் மட்டும் சும்மா இருக்க வேண்டுமா?" அந்த வலி நியாயமானது. எனக்கும் வலிக்கிறது. நம் தாத்தா பாட்டி ஒரு படி அரிசிக்கு விசுவாசத்தை வாங்கினார்கள் என்று எவனோ எழுதும்போது இரத்தம் கொதிக்கிறது. ஆனால் இது நமக்கு வந்த புது வியாதி இல்லை. ரோமில் பாலத்தீன் குன்றில் ஒரு பழைய கட்டடச் சுவரில் கீறிய படம் ஒன்று 1857-இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஏறக்குறைய 1,800 வருஷத்துக்கு முந்தியது. சிலுவையில் கழுதைத் தலையோடு ஓர் உருவம். கீழே ஒருவன் கையை உயர்த்தி நிற்கிறான். "அலெக்ஸாமெனோஸ் தன் தேவனைத் தொழுகிறான்" என்று கீறியிருக்கிறது. அந்தக் காலத்து ஸ்டேட்டஸ் என்று வைத்துக்கொள். கூட வேலை செய்த யாரோதான் கீறியிருக்க வேண்டும். அதே கட்டடத்தில் வேறு ஓர் அறையில், வேறு கையெழுத்தில், "அலெக்ஸாமெனோஸ் விசுவாசி" என்று மட்டும் இருக்கிறது. அதைப் பதிலாக எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு, எனக்கும் அப்படி எடுத்துக்கொள்ளவே ஆசை. பதில் என்றால், அதில் யூப்பித்தரைப் பற்றி ஒரு நக்கலும் இல்லை. "அவர் வையப்படும்போது பதில்வையாமலும்" என்று இயேசுவைப் பற்றிப் பேதுரு எழுதியது இந்த மாதிரி ஆட்களுக்குத்தான். சேவல் கூவுவதற்கு முந்தி, பேச்சு வழக்கை வைத்தே கலிலேயன் என்று பிடிபட்டு நடுங்கியவர் அந்தப் பேதுரு. ஏளனம் எப்படி இருக்கும் என்று தெரிந்து எழுதியிருக்கிறார். அவரேதான், நம் நம்பிக்கையைப் பற்றிக் கேட்கிறவர்களுக்குச் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" பதில் சொல்லச் சொன்னார்.

போலீஸ் கேஸ் ஆகுமா என்றும் ஒருவர் பயந்து கேட்டிருக்கிறார். வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு ஒரு பிரிவினரின் மத உணர்வைப் புண்படுத்துவது முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 295ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 299-ஆம் பிரிவு. மூன்று வருஷம் வரை சிறை உண்டு. அதை அறிந்து வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் சட்டமே இல்லாத ஊரில் இருந்தாலும் நான் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

இப்போது நீ செய்ய வேண்டியது. நாளைக்கே அந்தப் பையனிடம் போ. மெசேஜ் அனுப்பாதே, நேரில் பேசு. "நான் வைத்தது தப்பு, மன்னித்துவிடு" என்று சொல். "நான் அனுப்பவில்லை, யாரோ போட்டதைத்தான் வைத்தேன்" என்று ஆரம்பிக்காதே. எலியாவைப் பற்றி அவனுக்கு விளக்கம் கொடுக்காதே. "ஆனால்" என்ற வார்த்தை வாயில் வந்தால் விழுங்கிவிடு. அவன் கோபப்பட்டால் கேட்டுக்கொள். உன் விசுவாசத்தைப் பற்றி அவனாகக் கேட்கிற நாள் வந்தால் ஒன்றையும் மறைக்காமல் சொல். அதுவரை அவன் டப்பா திறக்கும்போது நீயும் உன்னுடையதைத் திற.

குழுவில் படம் போட்டவரை அங்கேயே வைத்துக் கண்டிக்காதே. எல்லார் முன்னும் அவரைக் குறுக்கினால் அதுவும் இன்னொரு பரியாசம் ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் ஆராதனை முடிந்ததும் அவரையும், எலியா வசனத்தைப் போட்டவரையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வா. அம்மா சுக்குக் காப்பி போடுவார். மூன்று பேரும் அவரவர் வேதாகமத்தைக் கொண்டு வாருங்கள். 1 இராஜாக்களை 17-ஆம் அதிகாரம் முதல் வசனத்தில் இருந்து, சத்தமாக, மாறி மாறி வாசிப்போம்.